கூட்டாளியைப் பார்க்கப் போகும் பிள்ளைகளுக்கு

வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் மூணாறு பக்கத்துச் சித்திரபுரம் கடைத்தெருவில் நின்று பார்த்தால் போதும், வார இறுதி விருந்தாளிகளில் எத்தனை ரகம் என்று தெரிந்துவிடும். அடிமாலிப் பக்கமிருந்து ஏறி வரும் வண்டி வரிசை பள்ளிவாசல் வரைக்கும் நிற்கும். சிலர் வந்து இறங்கியதும் வீட்டுக்காரரின் பெயரைக் கேட்டு, ஒரு கட்டன்சாயா வாங்கிக் குடித்து, இருந்த சுவடு தெரியாமல் கிளம்பிப் போவார்கள். சிலர் ராத்திரி இரண்டு மணிவரை பாட்டுப் போட்டு, பாட்டிலைத் தேயிலைக்குள் வீசிவிட்டு, வைஃபை சரியில்லை என்று குறையும் சொல்லிவிட்டுப் போவார்கள்.

இப்போது நம் பிள்ளைகளே வெள்ளி ராத்திரி பையைத் தூக்கிக்கொண்டு நெடும்பாசேரி விமான நிலையத்துக்கு இறங்குகிறார்கள். கூடப் படித்தவன் சிங்கப்பூரில் இருக்கிறான், பக்கத்து லயத்துப் பெண் துபாயில் நர்ஸாக இருக்கிறாள், மலிவாக டிக்கெட் கிடைத்தது, இரண்டு நாள் ஜாலியாக இருந்துவிட்டு வருகிறேன் தாத்தா என்கிறார்கள். போய் வாருங்கள். போகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் திண்ணையில் உட்காரவைத்துச் சொல்வதற்கு எனக்கு மூச்சு வாங்குகிறது. அதனால் எழுதியே வைத்துவிட்டேன். அதிகம் பேர் போவது சிங்கப்பூருக்கு என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். வேறு ஊருக்குப் போகிறவர்கள் ஊர்ப்பெயரை மாற்றிக்கொள்ளுங்கள், சங்கதி அதேதான்.

1. டிக்கெட் போடுவதற்கு முன்னால் அவனுக்கு என்றைக்கு லீவு என்று கேள். உன் வார இறுதியும் அவன் வார இறுதியும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்காதே. அமீரகத்தில் 2022 ஜனவரி முதல் அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி அரைநாள் வேலை, சனியும் ஞாயிறும் விடுமுறை. பக்கத்திலேயே இருக்கும் ஷார்ஜாவில் வெள்ளியும் சேர்த்து மூன்று நாள். சவூதியிலும் குவைத்திலும் வெள்ளி, சனி. மலேசியாவில் ஜொகூர் மாநிலம் 2025 ஜனவரியில் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. கிளந்தான் இன்னும் வெள்ளி, சனியில்தான் இருக்கிறது. இதெல்லாம் காலண்டர் கணக்கு. ஹோட்டலிலும் ஆஸ்பத்திரியிலும் வேலை செய்கிறவர்களுக்குக் கிழமையே கிடையாது, ரோஸ்டர்தான். சிங்கப்பூரில் கட்டுமானத்திலோ கப்பல் பட்டறையிலோ இருக்கிறவனுக்குப் பெரும்பாலும் சனிக்கிழமையும் வேலை; வாரத்துக்கு ஒரே ஒரு நாள் ஓய்வு. வீட்டு வேலைக்குப் போன பெண்களுக்கு, மாதத்தில் ஒரு ஓய்வு நாளையாவது காசு கொடுத்து ஈடுகட்டாமல் விட்டே தீரவேண்டும் என்று அங்கே விதி வந்ததே 2023 ஜனவரியில்தான். ஆக, நீ முதலில் கேட்க வேண்டியது விமானம் எத்தனை மணிக்கு என்பதை அல்ல.

2. அந்த ஒரு நாளில் அவனுக்கு என்னென்ன வேலை இருக்கிறது என்று தெரிந்துகொள். இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் போகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். ஆறு நாள் சேர்ந்த துணியைத் துவைக்க வேண்டும். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டும். முடி வெட்ட வேண்டும். தேக்கா சந்தையில் காய், கருவேப்பிலை வாங்கி, கூட இருப்பவர்களோடு முறைபோட்டுச் சமைக்க வேண்டும். அம்மாவிடம் வீடியோவில் பேச வேண்டும், அதுவும் அவள் கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போய்த் திரும்பும் நேரம் பார்த்து. மிச்சம் இருந்தால் தூங்க வேண்டும்.

நீ அங்கே போய் இறங்கியதும் கையில் பட்டியலை வைத்துக்கொண்டு, சிங்கம் வாயில் தண்ணி ஊத்துமே அங்கே போகணும், யுனிவர்சல் போகணும், செந்தோசா போகணும் என்று ஆரம்பித்தால், மறுக்க மாட்டான். வருவான். கண் சொருக ரயிலில் நின்றுகொண்டே வருவான். துவைக்காத துணியோடு திங்கள்கிழமை வேலைக்கும் போவான். நீ ஊர் பார்த்த கணக்கில் சேர்ந்துவிடும், அவனுடைய வாரம் போய்விடும்.

2020 ஏப்ரலில் கொரோனா பரவியபோது அங்கே தொழிலாளர் விடுதிகளை அடைத்தார்கள். ஊர் முழுக்கத் திறந்துவிட்ட பிறகும், விடுதிக்காரர்கள் வெளியே போவதற்கு அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி 2022 ஜூன் வரை இருந்தது. அந்த இரண்டு வருஷத்தைக் கடந்து வந்தவனிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்ன விலை என்று கேட்டுப் பார். அதனால் நான் சொல்வது இதுதான்: அவன் வேலைகளோடு நீயும் சேர்ந்துகொள். சிராங்கூன் ரோட்டில் பணம் அனுப்பும் வரிசையில் அவனோடு நில். தேக்காவில் பையைப் பிடி. ரேஸ் கோர்ஸ் ரோடு பக்கத்துப் புல்வெளியில் செய்தித்தாளை விரித்து, பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து, நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருவன் அறந்தாங்கி, ஒருவன் மன்னார்குடி, இன்னொருவன் பங்களாதேஷ். அந்த வட்டத்தில் உனக்கும் இடம் விடுவார்கள். மூணாறிலிருந்து வருகிறேன் என்று சொன்னால், "அங்கே எப்பவும் குளிருமாமே?" என்று கேட்பார்கள். யுனிவர்சலில் இந்த ஜாலி கிடைக்காது.

3. காகிதங்கள். பாஸ்போர்ட்டில் இன்னும் ஆறு மாதத்துக்கு மேல் ஆயுள் இருக்கிறதா பார். சிங்கப்பூருக்கு இந்தியர்களுக்கு முன்கூட்டியே விசா வேண்டும், அங்கீகாரம் பெற்ற ஏஜெண்டு வழியாகப் போடு. வருகை அட்டை என்று ஒன்று உண்டு, போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் காசு கிடையாது. காசு கேட்கிற தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் இல்லை, உடனே வெளியே வந்துவிடு. திரும்பி வரும் டிக்கெட், தங்கும் இடத்தின் முகவரி, கூட்டாளியின் போன் நம்பர் மூன்றையும் காகிதத்தில் அச்செடுத்து வைத்துக்கொள். சார்ஜ் போன போனைக் காட்டி அதிகாரியிடம் நிற்காதே. எதற்கு வந்தாய் என்று கேட்டால், "கூட்டாளியைப் பார்க்க, ஞாயிறு இரவு திரும்புகிறேன்" என்று உள்ளதைச் சொல். கதை வேண்டாம்.

பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். முத்திரை இருக்கும். வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதற்குத்தான் அதற்கு அனுமதி வாங்க வேண்டும். ஆளைப் பார்க்கப் போவதற்கு வேண்டியதில்லை. ஆனாலும் கேள்வி கேட்பார்கள், திரும்பும் டிக்கெட்டைக் கையில் வைத்திரு. சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் கிடையாது.

4. எங்கே படுப்பாய்? இதைக் கேட்காமலே கிளம்புகிறவர்கள் உண்டு. "அவன் ரூம் இருக்குதுல்ல." இல்லை. விடுதியில் இருப்பவன் வெளியாளைக் கூட்டிப்போய் ராத்தங்க வைக்க முடியாது. அடுக்குமாடி வீட்டில் ஓர் அறையை நாலு பேர் பங்குபோட்டு இருப்பவனுக்கு, உன்னால் மற்ற மூன்று பேரிடமும் வீட்டுக்காரரிடமும் முகம் கோண வேண்டி வரும். குடும்பத்தோடு இருந்து, வா என்று அவனே வாய்விட்டுச் சொன்னால் தாராளமாகத் தங்கு. மற்றபடி, சிராங்கூன் பக்கத்தில் படுக்கை மட்டும் வாடகைக்கு விடும் ஹாஸ்டல்கள் இருக்கின்றன, இரண்டு ராத்திரிக்கு அது போதும். நம் ஊர் ஹோம்ஸ்டே மாதிரி அங்கே வீட்டை இரண்டு நாளைக்கு வாடகைக்கு விடுவது சட்டப்படி கூடாது. தனியார் வீடுகளுக்குக் குறைந்தது மூன்று மாதம், அரசு வீடுகளுக்கு ஆறு மாதம். யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் பெட்டியைத் திறக்காதே.

5. பார்சல். நீ போகிறாய் என்று தெரிந்த மறுநாளே வீட்டு வாசலில் அவன் அம்மா நிற்பாள், பின்னாலேயே அவன் அத்தை, பிறகு நீ அறியாத ஒருவர். அம்மாவிடம் மட்டும் வாங்கு. வாங்குவதையும் அவள் முன்னாலேயே பிரித்துப் பார்த்து, நீயே திரும்பக் கட்டு. கோபித்துக்கொள்ள மாட்டாள், காரணத்தைச் சொல்லிவிடு.

கொண்டுபோகக் கூடாதவை: அம்மா மிளகு போட்டு வறட்டிக் கொடுத்த மாட்டிறைச்சி, கோழி எதுவும் கூடாது. இந்தியாவிலிருந்து இறைச்சி உள்ளே விட மாட்டார்கள். கசகசா கூடாது. குருமாவுக்கு அரைக்கிற அதே கசகசாதான், அங்கேயும் துபாயிலும் அது போதைப்பொருள் கணக்கில் வரும். மசாலாப் பொடியைக் கடையில் வாங்கினால் சேர்மானம் என்னவென்று வாசித்துப் பார். ஹான்ஸ், பான் மசாலா, மெல்லும் புகையிலை எதுவும் வேண்டாம். சூயிங்கம் 1992 முதலே தடை. சிகரெட்டுக்குச் சிங்கப்பூரில் வரிவிலக்கே கிடையாது. ஒரு பாக்கெட் என்றாலும் அறிவித்து வரி கட்ட வேண்டும். வேப் என்கிற மின்சிகரெட்டைக் கையில் வைத்திருப்பதே குற்றம். யாருக்கோ மாத்திரை என்று எவராவது கொடுத்தால், டாக்டர் சீட்டும் உன் பெயரும் இல்லாத மருந்தை நீ தொடவே தொடாதே.

இன்னொன்றையும் பூசி மெழுகாமல் சொல்கிறேன். நம் மாவட்டத்துக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு, இலைப் பெயர். சிங்கப்பூரில் அரைக் கிலோவுக்கு மேல் கஞ்சா கடத்தினால் தூக்கு. "தெரியாமல் கொண்டுவந்தேன்" என்பதை நீதான் நிரூபிக்க வேண்டும். அடையாளம் தெரியாதவர் கொடுக்கும் முறுக்கு டப்பாகூட வேண்டாம்.

கொண்டுபோகக் கூடியவை: நம் தேயிலைத்தூள், கூட ஒரு பொட்டலம் பச்சை ஏலக்காய். நேந்திரங்காய் சிப்ஸ். பிறகு மறையூர் சர்க்கரை. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கியது, ஆனால் அவனுக்கு அதெல்லாம் முக்கியமில்லை. உள்ளங்கையில் அடங்கும் கரும்பழுப்பு உருண்டையைத் தாளில் சுற்றி, டப்பாவில் போட்டு மூடு. நான் பார்த்திருக்கிறேன், டப்பாவைத் திறந்ததும் சாப்பிட மாட்டான், முதலில் முகர்ந்து பார்ப்பான். உருண்டையில் பிடித்தவனின் விரல் தடம் அப்படியே இருக்கும். ஊறுகாயும் தேனும் கொடுத்தால் பெரிய பெட்டிக்குள் போடு, கைப்பையில் 100 மில்லிக்கு மேல் எந்தத் திரவமும் போகாது. பவர் பேங்க் நேர்மாறு: கைப்பையில்தான் வைக்க வேண்டும். மறையூர் என்றதும் சந்தனக்கட்டைத் துண்டைப் பைக்குள் வைக்கிற புத்திசாலி யாராவது இருந்தால், அவனுக்கு வெளிநாட்டு ஜெயில் தேவைப்படாது, இங்கேயே இருக்கிறது.

6. மலையிறங்கும் பாதையை நம்பாதே. நெடும்பாசேரிக்கு நமக்குச் சுமார் நூறு கிலோமீட்டர்தான். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை எதிரே ஏறி வருவது முழுச் சுற்றுலாக் கூட்டம். வாளறைக்கும் நேரியமங்கலத்துக்கும் இடையில் காட்டு வழி, மழைக்காலத்தில் எங்கே மரம் சாயும், எங்கே மண் சரியும் என்று சொல்ல முடியாது. சிவப்பு எச்சரிக்கை வந்தால் கலெக்டர் ராத்திரிப் பயணத்தையே தடுத்துவிடுவார். ராத்திரி விமானத்துக்கு மதியச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பு. ஆடி மாதமானால் காலையிலேயே இறங்கி, கோதமங்கலத்தில் சொந்தக்காரர் வீட்டில் காத்திரு. நெடும்பாசேரி விமான நிலையமே 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இரண்டு வாரம் மூடிக் கிடந்தது என்பதை மறந்துவிடாதே. ஜூலை, ஆகஸ்டில் போகத்தான் வேண்டுமா என்று ஒரு தரம் யோசித்துக்கொள்.

7. சனிக்கிழமை உன்னுடையது. விடிகாலையில் சாங்கியில் இறங்குவாய். அங்கே கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். அவன் வேலைக்குப் போயிருப்பான், அல்லது ராத்திரி வேலை முடிந்து அப்போதுதான் தலையைச் சாய்த்திருப்பான். ஏர்போர்ட்டுக்கு வா என்று அவனைக் கூப்பிடாதே. வழி கண்டுபிடிப்பது சுலபம். மெட்ரோ ரயிலில் வீசா, மாஸ்டர்கார்டு அட்டையைத் தட்டிவிட்டுப் போகலாம். ஏறும்போதும் இறங்கும்போதும் தட்ட வேண்டும். கிளம்பும் முன்னரே உன் பேங்கில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வை. ரயிலுக்குள் ஒரு மிட்டாய்கூடத் தின்னாதே, தண்ணீரும் குடிக்காதே, 500 வெள்ளி வரை அபராதம். டாலரை அங்கே நம் ஆட்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள். பிளக் மூன்று சதுர முனை, நம்முடையது நுழையாது. அடாப்டரை அடிமாலியிலேயே வாங்கிவிடு.

தனியாகச் சுற்றிப் பார்ப்பதைச் சனிக்கிழமையே முடித்துக்கொள். அந்தச் சிங்கம், கப்பல் மாதிரி இருக்கும் அந்தப் பெரிய கட்டிடம், பூந்தோட்டத்தில் ராத்திரி விளக்காட்டம் (அது இலவசம்), எல்லாம் அன்றைக்கே. அறிவிப்புப் பலகைகளில் தமிழ் இருக்கும், ஆட்சி மொழிகள் நான்கில் தமிழும் ஒன்று. தமிழ் முரசு நாளிதழ் கோ. சாரங்கபாணி 1935-இல் தொடங்கியது, இன்றும் வருகிறது. ஒன்று வாங்கிப் படி. சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் 1827-இலிருந்து இருக்கிறது. நம் பாட்டன்மார் இந்த மலைக்குக் கூலியாக வருவதற்கு முன்னாலேயே அங்கே மாரியாத்தாள் போய் உட்கார்ந்துவிட்டாள்.

தாவரவியல் பூங்காவுக்குப் போனால் அங்கே ஹென்றி ரிட்லி என்ற வெள்ளைக்காரரை நினைத்துக்கொள். 1888 முதல் 1911 வரை அதன் தலைவராக இருந்தவர். மரம் சாகாமல் ரப்பர் பால் வெட்டும் முறையை அங்கேதான் பழக்கினார். நீ கோதமங்கலம் தாண்டும்போது பார்த்த ரப்பர் தோட்டங்களின் பிழைப்புக்கு வேர் அங்கே கிடக்கிறது. கேரளத்தில் ரப்பரை வியாபாரமாகப் பயிரிட ஆரம்பித்ததும் அதே கோதமங்கலத்துக்குப் பக்கத்தில், தட்டேக்காட்டில், 1902-இல். நுழைவுக் கட்டணம் கிடையாது, ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் காசு.

8. சாப்பாட்டுக்கு ஹாக்கர் சென்டருக்குப் போ. மேசை மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அந்த இடம் ஒருவர் பிடித்துவைத்தது, உட்காராதே. சாப்பிட்ட தட்டை நீயே எடுத்துப்போய் வைக்க வேண்டும். 2021 முதல் வைக்காமல் போனால் அபராதமும் உண்டு. டீக்கடைக்காரர் வயசானவராக இருந்தால் அங்கிள் என்று கூப்பிடு, சீனராக இருந்தாலும் அதுதான் மரியாதை. "தே தாரிக்" என்று ஆற்றித் தருவார்கள். தேயிலை மலையில் பிறந்த நீ அதைக் குடித்துவிட்டு நம் டீ மாதிரி இல்லை என்று அளக்காதே. பால் வேறு, தூள் வேறு. மீன் தலைக் கறி கட்டாயம் சாப்பிடு. கேரளத்திலிருந்து அங்கே போன எம்.ஜே. கோமஸ் என்பவர் 1940களின் கடைசியில் சீன வாடிக்கையாளர்களுக்காக ஆரம்பித்தது என்பார்கள். நம்ம பக்கத்துக் கைதான். இரண்டு பேர் ஒரு தலையை முடிக்க முடியாது, மூன்றாவது ஆளைச் சேர்த்துக்கொள்.

9. அவனோடு ஓர் இடம் போ, ஒன்றே ஒன்று. எது என்று அவனைக் கேட்டால் "உனக்கு எது வேணுமோ" என்பான். அதனால் நீயே சொல்: புலாவ் உபின். சாங்கி பாயிண்ட் படகுத்துறைக்குப் போனால் பழைய மரப்படகு நிற்கும். 12 பேர் சேர்ந்ததும் கிளம்பும்; டிக்கெட் கிடையாது, கையில் காசு. கால்மணி நேரத்தில் தீவு. கருங்கல் குவாரி இருந்த ஊர், இப்போது பள்ளங்களில் தண்ணீர் நிற்கிறது. அடுக்குமாடிக் கட்டிடமே இல்லை. வாடகைக்கு சைக்கிள் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் செம்மண் பாதையில் மிதிக்கலாம். ரம்புத்தான் மரம், பலா மரம், குறுக்கே ஓடும் காட்டுப்பன்றி. சித்திரபுரத்துப் பிள்ளைக்கு அதில் என்ன புதுமை என்பாய். உனக்கு இல்லை. பல மாதமாக கான்கிரீட்டையும் பஸ் ஜன்னலையும் மட்டும் பார்த்தவனுக்கு உண்டு. காலையில் துணியைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டுக் கிளம்பினால் மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம், அவன் தூங்குவதற்கும் நேரம் இருக்கும்.

10. காசு விஷயம். எல்லாவற்றுக்கும் அவன்தான் கொடுப்பான், நீ பர்ஸைத் தொட்டால் கையைப் பிடிப்பான். ஊரிலிருந்து வந்தவனைச் செலவு செய்யவிட்டான் என்று பெயர் வந்துவிடக் கூடாது அவனுக்கு. அந்தப் பெருமையை மொத்தமாகப் பறிக்காதே, மொத்தமாக அனுபவிக்கவும் செய்யாதே. படகுக்கும் சைக்கிளுக்கும் நீ முன்னால் போய்க் கொடுத்துவிடு. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு, கை கழுவப் போகிற சாக்கில் எழுந்துபோய்க் கட்டிவிடு. ஒவ்வொரு விலையையும் ரூபாயில் பெருக்கி "ஐயோ, டீ இவ்வளவா!" என்று அலறாதே; கேட்டால் கொடுப்பவனுக்கு உறைக்கும். முஸ்தபா கடையில் உனக்கு வேண்டியதை உன் காசில் வாங்கு. அவன் சம்பளம் எவ்வளவு என்று கேட்காதே. ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் அடைந்ததா என்றும் கேட்காதே. அவனாகச் சொன்னால் குறுக்கே பேசாமல் கேள்.

11. குடிக்கிற பழக்கம் இருந்தால் அளவைத் தெரிந்துகொள், சட்டத்தையும் தெரிந்துகொள். பொது இடத்தில் இரவு பத்தரை முதல் காலை ஏழு வரை குடிக்கக் கூடாது. லிட்டில் இந்தியா வட்டாரத்தில் சனி காலை ஏழு முதல் திங்கள் காலை ஏழு வரை தெருவில், புல்வெளியில் எங்கேயும் கூடாது. 2013 டிசம்பர் 8-ஆம் தேதி ரேஸ் கோர்ஸ் ரோட்டில் பஸ்ஸில் அடிபட்டு ஒரு தமிழ்த் தொழிலாளி இறந்து, கலவரம் மூண்ட பிறகு வந்த கெடுபிடி இது. 2015-இல் சட்டமாகவே போட்டார்கள். மாட்டினால் நீ அபராதம் கட்டிவிட்டு விமானம் ஏறிவிடுவாய். கூட இருந்தவனுடைய வேலை அனுமதிக்கு ஆபத்து.

12. போட்டோ எடு, ஆனால் அவன் படுக்கும் இடத்தை எடுக்காதே. வீட்டுக்கு அவன் என்ன சொல்லியிருக்கிறான் என்று உனக்குத் தெரியாது. தனி ரூம் என்று சொல்லியிருக்கலாம், ஏசி ரூம் என்று சொல்லியிருக்கலாம். நீ பாசத்தில் வீடியோ கால் போட்டு, "அம்மா, பாருங்க, இங்கதான் படுக்கிறான்" என்று போனைச் சுற்றிக் காட்டினால், இரும்புக் கட்டிலும் அதன் மேலே இன்னொரு கட்டிலும் தெரியும். அவன் முகத்தை அப்புறம் நீ பார்க்க முடியாது. ஸ்டேட்டஸ் போடுவதற்கு முன்னாலும் கேட்டுவிட்டுப் போடு. அதற்குப் பதிலாக, இங்கிருந்து கிளம்பும் முன் அவன் வீட்டு முற்றத்தையும், அவன் படித்த பள்ளிக்கூடத்தையும், பவர்ஹவுஸுக்கு இறங்கும் பெரிய குழாய்களையும் எடுத்துக்கொண்டு போ. பள்ளிவாசல் மின்நிலையம் 1940-இல் ஓட ஆரம்பித்தது. நம்மில் பாதிப் பேர் அந்தக் குழாய்ப் பக்கம் விளையாடிய ஆட்கள்தான். அதைப் பார்த்ததும் பேச்சு தானாக வரும்.

13. "எனக்கும் ஒரு வேலை பாரேன்" என்று அந்த இரண்டு நாளில் கேட்காதே. வேண்டுமானால் திரும்பி வந்து ஒரு மாதம் கழித்துப் போனில் கேள். சுற்றுலா விசாவில் அங்கே வேலை செய்வது குற்றம். விசா முடிந்தும் 90 நாளுக்கு மேல் தங்கினால் பிரம்படி உண்டு, பேச்சுக்குச் சொல்லவில்லை.

14. நேரத்துக்குக் கிளம்பு. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது தனி வீடும் கொல்லையும் இருந்தவர்கள் சொன்னது. உனக்கு இரண்டு நாள்தான். ஏர்போர்ட்டுக்கு வழியனுப்ப வருகிறேன் என்பான், மெட்ரோ வாசலோடு நிறுத்திவிடு; அவன் திங்கள் காலை இருட்டிலேயே லாரியில் ஏற வேண்டும். திரும்பும்போது அந்த இரண்டரை மணி நேரம் உனக்குத் திரும்பக் கிடைக்கும்.

15. ஊர் வந்ததும் உன் வீட்டுக்கு முன்னால் அவன் வீட்டுக்குப் போ. அம்மா இரண்டே கேள்விதான் கேட்பாள்: சாப்பிடுகிறானா, இளைத்துவிட்டானா. முதலாவதுக்கு உண்மையைச் சொல். இரண்டாவதுக்கும் உண்மையைச் சொல், கொஞ்சம் குறைத்து. அவன் கொடுத்தனுப்பியதை அப்படியே கொடு, சாக்லேட் டப்பாவில் ஒன்று குறைந்தாலும் அவளுக்குத் தெரியும்.

16. கடைசியாக, அவனையும் இங்கே வரச் சொல். பொதுவாகச் சொன்னால் வர மாட்டான், "பார்க்கலாம்" என்பான். வருஷத்தைக் குறித்துச் சொல். நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தபோது பெருவெள்ளம் வந்து சாலை அறுந்தது, பெரியவரைப் பாலம் இடிந்தது, ராஜமலைப் பக்கம் ஊர்க்காரர்களே சரியாகப் போய்ப் பார்க்க முடியவில்லை. பன்னிரண்டு வருஷக் கணக்கில் அடுத்த பூ 2030-இல். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். சிங்கப்பூரில் லீவுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும், டிக்கெட்டுக்கும் மாதாமாதம் எடுத்து வைக்க வேண்டும். அதனால் இந்தத் தடவை போகும்போதே சொல்லிவிட்டு வா.